தமிழ்த் தட்டச்சு மென்பொருள்: ஆதரித்தவர் விலகிவிட்டால்?

மயிலாப்பூர் மாட வீதிகளானாலும் தியாகராய நகரானாலும் அடையாறானாலும், நம் கடைகளில் தமிழ் விலைப்பட்டியல், மாதச் சாமான் லிஸ்ட், தீபாவளிச் சீட்டு நோட்டீஸ் எல்லாம் இன்று கம்ப்யூட்டரில்தான் தயாராகின்றன. தமிழில் தட்ட உதவும் மென்பொருளுக்கு நம்மில் பலர் ஒரு பைசாவும் கொடுத்ததில்லை. டி.டி.பி. பையன் போட்டுக் கொடுத்தான், வேலை நடக்கிறது. அதைச் செய்தவர் யார், நாளை அவர் விட்டுவிட்டால் யார் பார்ப்பார் என்று நாம் கேட்பதில்லை. மண்டிக்காரர் கடையை மூடினால் சரக்குக்கு எங்கே போவது என்று முன்கூட்டியே யோசிக்கும் நாம், இதையும் யோசித்தாக வேண்டும்.

1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதன்பின் ‘தமிழ்99’ என்ற விசைப்பலகை அமைப்பைத் தமிழக அரசு ஏற்றது. அமைப்பு வந்தால் போதுமா, அது கம்ப்யூட்டரில் வேலை செய்ய மென்பொருள் வேண்டுமே! முகுந்தராஜ் என்பவரும் ‘தமிழா’ குழுவைச் சேர்ந்த தன்னார்வலர்களும் ‘எ-கலப்பை’யை உருவாக்கி இலவசமாகவே தந்தார்கள். ஆனால் அதை உள்ளிருந்து இயக்கியது ‘கீமேன்’ என்ற வேறொரு மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்க் டர்டின் என்பவர் லாவோ மொழிக்காக 1993-ல் தொடங்கியது அது. அவருடைய சிறு கம்பெனியின் சொத்து. கலப்பை நம்முடையது, மாடு அடுத்தவருடையது என்ற நிலை.

தன்னார்வலர்கள் அப்படியே இருந்துவிடவில்லை. பிற்பாடு கீமேன் இல்லாமலே ஓடும்படி எ-கலப்பையைத் திருத்தி எழுதி, அதன் மூல நிரலையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். கீமேனும் அழியவில்லை. 2015-ல் எஸ்.ஐ.எல். என்ற லாப நோக்கற்ற அமைப்பு அதை ஏற்றது. பின்னர் அதுவும் இலவசமாகி, அதன் மூல நிரலும் திறக்கப்பட்டது.

மூல நிரல் என்பது சாம்பார்ப் பொடியின் பக்குவம் எழுதிய சீட்டு போன்றது. பொடி மட்டும் வாங்கியவர், அரைத்தவர் கடையை மூடினால் கையைப் பிசைய வேண்டியதுதான். சீட்டு கையில் இருந்தால் வேறொருவர் அரைத்துக் கொடுப்பார்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கூகுள் கம்பெனி விண்டோஸுக்கென்று தந்த தமிழ்த் தட்டச்சுக் கருவியை ஏராளமானோர் பயன்படுத்தி வந்தார்கள். 2018-ல் அதை இறக்கிக்கொள்ளும் வசதியை நிறுத்திவிட்டார்கள். பணத்துக்குக் குறைவில்லாத கம்பெனிதான். ஆனாலும் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டால் கேட்பார் யார்? பழைய பிரதியைச் சேமித்து வைத்திருந்தவர்கள் மட்டும் தப்பினார்கள். இப்போது விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதுவும் ஒரு கம்பெனியின் மனசைப் பொறுத்ததே.

கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் உதவும் ‘லிப்ரே ஆபீஸ்’ கதை இன்னும் சுவையானது. சன் கம்பெனியின் ஆதரவில் வளர்ந்தது ‘ஓப்பன் ஆபீஸ்’. 2010-ல் சன் கம்பெனியை ஆரக்கிள் வாங்கியது. புது முதலாளியின் போக்கு பிடிக்காமல், அதே ஆண்டு செப்டம்பரில் தன்னார்வலர்கள் மூல நிரலுடன் வெளியேறி ‘லிப்ரே ஆபீஸ்’ என்ற பெயரில் தனிக்கடை போட்டார்கள். அடுத்த ஆண்டே ஆரக்கிள் கையை விரித்தது. லிப்ரே ஆபீஸோ தமிழ் முகப்புடன் இன்றும் நடக்கிறது.

நிரல் திறந்திருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இணையத்தில் பணப் பரிமாற்றத்துக்குப் பூட்டுப் போடும் ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்ற நிரலில் 2014-ல் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. உலகமே நம்பிய பூட்டு அது. அதைப் பராமரித்தவர்களுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடையோ ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான்! ஓட்டை வெளியே தெரிந்த பிறகே பெரிய கம்பெனிகள் பணம் போட முன்வந்தன.

நம் ஊரிலும் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் பல ஆண்டுகள் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடி, கேட்டவருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். 2012-ல் மின்னிதழாகத் தொடங்கிய ‘கணியம்’ பின்னர் அறக்கட்டளையாக வளர்ந்து, தமிழ்க் கணிமைக்குத் தொண்டு செய்கிறது. இவர்கள் நம்மிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. சீட்டு நோட்டீஸுக்கு வண்ணத்தில் செலவழிக்கும் நாம், ஆண்டுக்கொரு முறை நூறோ இருநூறோ நன்கொடை அனுப்பினால் குறைந்துவிட மாட்டோம். பணம் வேண்டாம் என்றாலும், எந்த எழுத்து சரியாக விழவில்லை என்று எழுதித் தெரிவிப்பதே அவர்களுக்குப் பேருதவி.

உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய கம்ப்யூட்டரில் கம்பெனிக்கொரு எழுத்துருவில் தட்டி வைத்த வாடிக்கையாளர் பட்டியல், சரக்குப் பட்டியல் பல கடைகளில் இன்னும் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் அவை வெறும் கிறுக்கலாகவே தெரியும். 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றாகிவிட்டது. மாற்றித் தரும் கருவிகளும் பெரும்பாலும் இலவசமே. ஆழ்வார்ப்பேட்டையில் இயங்கிய நியூ ஹொரைசன் மீடியா பதிப்பகம் தந்த என்.எச்.எம். கன்வெர்ட்டர் அவற்றில் ஒன்று. டி.டி.பி. பையனை ஒரு ஞாயிறு உட்கார வைத்து, கோப்புகளை மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய கோப்புகளையும், பயன்படுத்தும் மென்பொருளின் பிரதியையும் ஒரு பென் டிரைவில் போட்டு, கடை லைசென்ஸ் இருக்கும் பீரோவிலேயே வைத்துவிடுங்கள்.