உறை: வாள்களின் வரலாற்றில் விடுபட்ட தோல்

செஞ்சிக்கோட்டையைப் பற்றி யார் எழுதினாலும் வாளில் தொடங்கி வாளில்தான் முடிக்கிறார்கள். 1677இல் சிவாஜி பிடித்தார், 1698இல் சுல்பிகார்கான் பிடித்தார், 1714இல் தேசிங்கு செத்துப் போனான், 1750இல் பிரெஞ்சுக்காரன், 1761இல் இங்கிலீஷ்காரன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர்களின் 12 கோட்டைகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். இந்த நீண்ட கதையாடலில் வாளை உருவாதவன் யாருமில்லை. எதிலிருந்து உருவினான் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. அனந்தபுரத்தில் எங்கள் வீட்டில் அப்பா காலத்துச் சூரிக்கத்தி ஒன்று கோணியில் சுற்றிக் கிடந்தது. அதற்குத் தோலுறை தைக்கலாம் என்று செஞ்சியில் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். "கத்திக்கு இன்னாத்துக்கு சார் உறை? துணியில சுத்தி வைங்களேன்" என்றார். என்னைவிட மூத்தவர். நான் 'பெரியவரே' என்றேன். அவர் கடைசிவரை 'சார்' என்பதை விடவில்லை. இந்த ஏற்றத்தாழ்வுக்குள் உட்கார்ந்துதான் நான் வேலையைப் பார்த்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

உறை என்றால் கத்திக்குப் போடும் சட்டை என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதலில் கத்தியைக் காகிதத்தில் வைத்து வரைந்தார். முதுகுப் பக்கம் மடிப்பு, வெட்டுவாய்ப் பக்கம் தையல். தையலுக்காக விரலளவு கூடுதலாக விட்டு உளியால் தோலை அறுத்தார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். இரண்டு மடிப்புக்கும் நடுவே, வெட்டுவாய் வரும் ஓரத்தில், ஒல்லியான தோல் பட்டை ஒன்றை வைத்து ஒட்டினார். "இது இல்லன்னா கத்தி நூலை அறுத்துரும். நாலு தடவை சொருகி எடுத்தா உறை வாயைப் பொளந்துக்கும்" என்றார். கூர்மையை நேரடியாகத் தாங்குவது வெளியே தெரியாத இந்தப் பட்டைதான்.

மெழுகு இழுத்த நூல் ஒன்று, அதன் இரு முனையிலும் ஊசி. குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராக நுழைந்து வந்தன. மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் நடுவில் கொக்கி போட்டுக்கொள்கின்றன; ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகத் தளர்ந்துவிடும். கைத்தையலில் ஒரு கண்ணி போனாலும் பக்கத்துக் கண்ணி பிடித்து நிற்கும். தைத்து முடிந்ததும் உறையைத் தண்ணீரில் நனைத்தார். எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக் சுற்றிய கத்தியை உள்ளே சொருகி, கட்டைவிரலால் அதன் வடிவத்தை அழுத்தி அழுத்தி எடுத்தார். காயவைத்தது நிழலில். வெயிலில் வைத்தால் தோல் முறுகி வெடிக்குமாம்.

இதற்கு எல்லாத் தோலும் ஆகாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்துப் பதனிட்ட தோல்தான் நனைத்து அழுத்திய வடிவத்தை உலர்ந்த பிறகும் விடாது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் மிருதுவானது, தண்ணீரையும் தாங்கும். ஆனால் வடிவம் நிற்காது. சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903இல் குரோம் பதனிடலை அரசு முயற்சியாகத் தொடங்கியபோது கவலை இறைக்கும் தோல்சாலுக்கு அது பயன்பட்டது. காலமெல்லாம் தண்ணீரில் கிடக்கிற சாலுக்கு அது சரி, உறைக்குச் சரிவராது. பெரியவர் எடுத்தது பழைய அடித்தோல் துண்டு. பட்டையில் பதனிட்டது. "இப்பல்லாம் டயரும் ரெக்சினும்தான் சார், இது தேடுனாதான் கெடைக்கும்."

ஓவியத்தின் சட்டத்தைப் பற்றித் தெரிதா பேசுவார்: அது உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை, ஆனால் அது இல்லாமல் ஓவியத்துக்கு எல்லை கிடையாது. உறையும் அப்படித்தான். உறையில்லாத வாளை இடுப்பில் கட்டிக் குதிரையேறினால் முதலில் அறுபடுவது சொந்தத் தொடைதான். நம் நாட்டுப் பழைய வாளுறைகளில் பெரும்பாலும் உள்ளே இரண்டு மரப்பட்டைகள், மேலே தோல் அல்லது துணி. இரும்பு மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது, தோல் மக்கியது. மிஞ்சியதை வைத்து எழுதினால் வரலாறு இரும்பாகத்தான் இருக்கும்.

ஆனால் மக்குவது மட்டுமா காரணம்? புறநானூற்றின் 82ஆம் பாடலைப் பாருங்கள். சண்டையின் வேகத்தைச் சொல்ல சாத்தந்தையாருக்கு ஓர் அளவுகோல் வேண்டியிருக்கிறது. ஊரில் திருவிழா, மனைவிக்குப் பிரசவ நேரம், மழை, பொழுதும் சாய்கிறது. இத்தனைக்கும் நடுவில் வாரை இழுத்துக் கட்டில் பின்னுகிறவனின் ஊசிதான் அந்த அளவுகோல். அரசனின் போரை அவன் கையால் அளந்துவிட்டு, அதே மூச்சில் அவனை இழிந்தவன் என்கிறது பாட்டு. வேலையின் வேகம் கவிதைக்கு வேண்டும், வேலை செய்தவன் வேண்டாம்.

செஞ்சியில் இதற்குக் கல்லிலேயே ஒரு தடயம் உண்டு. ராஜகிரி, கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் சக்கிலிதுர்க்கம் என்றொரு குன்று. சமார் டிக்ரி என்பதும் அதன் பெயர்தான். இரண்டுக்கும் தோல் வேலை செய்வோரின் குன்று என்றே பொருள். சேணம், கடிவாளம், கேடயம், உறை, தண்ணீர்ச்சால் என்று தோலில்லாமல் ஒரு கோட்டை ஒரு நாள்கூட ஓடியிருக்காது. அந்தப் பெயரோ இன்று வசைச்சொல். 2009இல் 3 சதவீத உள்ஒதுக்கீடு தந்த சட்டம் அருந்ததியர் என்ற பெயரில்தான் வந்தது. 2024இல் உச்சநீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. வசைச்சொல்லை அப்படியே போர்டில் எழுதச் சொல்லவில்லை. பெயரை நீக்கும்போது உழைப்பையும் சேர்த்துத் துடைத்துவிடாதீர்கள் என்கிறேன். இந்தக் கோட்டையின் தோல் வேலை யாருடையது என்பதை அந்தக் குன்றின் அடியில் எழுதிவைக்க வேண்டும்.

கைவினை அழிகிறதே என்று நான் கொஞ்சம் உருகியபோது பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "எம் பையன் கம்பெனி வேலைக்குப் போறான் சார். இதைத் தொட வேணாம்னு நான்தான் சொன்னேன்." அழியும் கலைக்கு அழுவது அதைச் செய்ய வேண்டியிராதவர்களுக்குத்தான் எளிது. அவருக்கு மரியாதை வேண்டும், கூலி வேண்டும். வாரிசு வேண்டாம்.

புறப்படும்போது ஒன்று சொன்னார்: "உறைக்குள்ளயே போட்டு வைக்காதீங்க, துரு ஏறும்." தோலின் ஈரமும் பட்டையின் துவர்ப்பும் இரும்பைத் தின்னும். அதனால் வீட்டில் கத்தியை எண்ணெய் தடவி வெளியே வைத்திருக்கிறேன். உறை ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்கள் முதலில் கத்தியைத்தான் கேட்கிறார்கள். நான் உறையை எடுத்துக் காட்டுகிறேன்.