கழுத்தில் ஒரு காவல்காரன்!

பூம்புகார் கடற்கரை. வெயில் ஏறிவிட்டது. மீன் பிடித்துத் திரும்பிய படகு ஒன்று மணலில் தட்டி நிற்கிறது. பத்துப் பேர் ஓடிவந்து கயிற்றைப் பிடிக்கிறார்கள்.

"ஐலசா!"

படகு நகருகிறது. இழுப்பவர்களின் முகம் சிவக்கிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. அந்தக் கழுத்திலே, தாடைக்குக் கீழே, விரல் வைத்தால் துடிப்புத் தெரியும் இடத்தில் ஒரு காவல்காரன் இருக்கிறான். அவன் தூங்குவதே இல்லை!

யார் அவன்?

இருதயத்திலிருந்து தலைக்குப் போகும் ரத்தக் குழாய், கழுத்தில் இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடம் சற்று உப்பி இருக்கும். அதன் சுவரில் மெல்லிய நரம்பு நுனிகள் பதிந்திருக்கின்றன. ரத்தத்தின் அழுத்தம் கூடினால் சுவர் விரியும். உடனே நரம்பு நுனிகள் மூளையின் அடியில் உள்ள முகுளத்துக்குச் செய்தி அனுப்பும். முகுளம், "மெதுவாக அடி" என்று இருதயத்துக்குக் கட்டளை இடும். ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். அழுத்தம் குறைந்தால் எல்லாம் எதிர்மாறாக நடக்கும்.

இருதயத்துக்கு மேலே வளைந்து செல்லும் பெருங்குழாயிலும் இதே போன்ற நுனிகள் உண்டு.

வயலுக்கு வாருங்கள். நெடுநேரம் குனிந்து நாற்று நட்ட பெண் சட்டென்று நிமிர்கிறாள். ரத்தம் காலுக்கு இறங்கப் பார்க்கிறது. காவல்காரன் விடுவானா? சில விநாடிகளில் இருதயம் விரைகிறது, குழாய்கள் சுருங்குகின்றன. அவள் மயங்கி விழாமல் அடுத்த முடியை அவிழ்க்கிறாள்.

ஒரு புதிர்

சும்மா இருக்கும்போது ரத்த அழுத்தம் சுமார் 120/80. வேகமாக ஓடும்போது மேல் எண் 180, 200 என்று ஏறும். காவல்காரன் ஏன் தடுக்கவில்லை?

உழைக்கும்போது அவன் வேலையை நிறுத்திவிடுகிறான் என்று விஞ்ஞானிகள் பலர் நினைத்தார்கள். அது தவறு. 1981-ல் நாய்களை ஓடவிட்டுச் செய்த சோதனையில் உண்மை தெளிவாயிற்று. அவன் கூர்மையாகத்தான் வேலை செய்கிறான். அவன் காக்கும் கோடுதான் மேலே ஏறியிருக்கிறது!

காவிரியில் வெள்ளம் வரும்போது, மதகு பார்க்கும் லஸ்கர் கோடைக்கால அளவையே பிடித்துக்கொண்டு நிற்பாரா? அது போலத்தான். "இழு" என்று தசைக்கு ஆணையிடும் மூளையே கோட்டையும் உயர்த்துகிறது. உழைக்கும் தசைகளில் உள்ள நரம்புகளும் அதற்குத் துணை செய்கின்றன. தசைக்கு வேண்டிய ரத்தம் கிடைக்கிறது. அழுத்தமும் எல்லை மீறுவதில்லை.

ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு பளு தூக்கினால் கதை வேறு. பளு தூக்குவோரிடம் அளந்து 1985-ல் வெளியிட்ட கணக்கில், மேல் எண் 300-ஐத் தாண்டியது! படகு இழுப்பவர்கள் கத்துகிறார்களே, அதில் ஒரு நன்மை உண்டு. கத்தும்போது மூச்சு வெளியே போய்விடுகிறது.

நம் நாட்டு டாக்டர்

இந்த உணர்வு நரம்புகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் டாக்டர் ஆவ்தார் சிங் பெய்ன்டால் (1925–2004). இருதயத்தின் மேலறைகளில் ரத்தம் நிறைவதை உணரும் நுனிகளை அவர் 1953-ல் விளக்கினார். பிறகு நுரையீரலிலும் ஒரு வகை நுனிகளைக் கண்டார். கடும் உழைப்பில் அவை மூச்சிரைக்கச் செய்து, தசைகளைத் தளர்த்தி, "போதும், நிறுத்து" என்று சொல்கின்றன என்பது அவர் கருத்து.

ஏமாறும் காவல்காரன்

இவனிடம் ஒரு குறையும் உண்டு. அழுத்தம் நாள் கணக்கில் உயர்ந்தே இருந்தால், அதையே சரி என்று எண்ணிக்கொள்வான். 160/100-ஐயே காத்து நிற்பான்! ரத்தக் கொதிப்பு உள்ள பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. கையில் பட்டை சுற்றி அளந்தால்தான் தெரியும். அந்தப் பட்டைக் கருவியை 1896-ல் செய்தவர் ரிவா ரோச்சி என்ற இத்தாலிய டாக்டர்.

கடுமையாக உழைத்துவிட்டு அப்படியே நின்றாலும் ஆபத்துதான். காலில் ரத்தம் தேங்கும். காவல்காரன் சமாளிப்பதற்குள் கண் இருட்டும். வயதானவர்களுக்கும், ரத்தக் கொதிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இது எளிதில் வரும். சில நிமிடங்கள் மெதுவாக நடந்தால், காலின் தசைகளே ரத்தத்தை இருதயத்துக்குத் தள்ளிவிடும்.

படகு மேட்டுக்கு வந்துவிட்டது. யாரும் உடனே உட்காரவில்லை. ஒருவர் கயிற்றைச் சுருட்டுகிறார். மற்றவர்கள் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.