கூட்டமில்லாத நாளில் தீம் பார்க்... கிளம்பும் முன் இதைப் படிங்க!

மே மாதம் தீம் பார்க் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'ராட்டினத்துல இருந்ததைவிட க்யூவுல நின்னதுதான் சார் ஜாஸ்தி' என்பார்கள். டிக்கெட்டுக்கு வரிசை, லாக்கருக்கு வரிசை, தயிர் சாதத்துக்குக்கூட வரிசை! அதனால்தான் விவரம் தெரிந்த குடும்பங்கள் சீஸன் முடிந்து, பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு செவ்வாயோ புதனோ பார்த்துக் கிளம்புகிறார்கள். நீங்களும் முதல் தடவையாக அப்படி ஒரு பயணம் போட நினைத்தால், ரொம்ப நல்ல யோசனை. ஆனால் அந்த வரிசை இருக்கிறதே, அது உங்களுக்கு ஒரு உபகாரமும் செய்துகொண்டிருந்தது. என்ன என்கிறீர்களா? சொல்கிறேன்.

முதலில், எப்போது போவது?

'புதன்கிழமை போகலாம்னா பிள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கே?' நியாயமான கேள்விதான். 'வயிற்று வலி' லீவு லெட்டர் எல்லாம் வேண்டாம். உள்ளூர் விடுமுறையைப் பயன்படுத்துங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு விருதுநகர் மாவட்டத்துக்கும், சதய விழாவுக்குத் தஞ்சாவூர் மாவட்டத்துக்கும் லீவு விடுவார்கள் இல்லையா? அன்றைக்குப் பக்கத்து மாவட்டத்தில் எல்லாம் வேலை நாள். அங்கே இருக்கும் பூங்காவில் உங்கள் பிள்ளைகள் ராஜா மாதிரி சுற்றலாம். இன்னும் பள்ளியில் சேராத வாண்டுகளும் தாத்தா பாட்டியும் மட்டும்தான் என்றால் கவலையே இல்லை, எந்த வார நாளும் உங்களுடையது.

ஊருக்கு ஊர் மழைக்காலம் வேறு என்பதையும் கணக்கில் வையுங்கள். சென்னைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடைமழைக் காலம். அதனால் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவுக்கோ, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் பூங்காக்களுக்கோ ஜூலை, ஆகஸ்ட் சௌகரியம். கொச்சிக்கு இது நேர் எதிர். அங்கே ஜூன், ஜூலையில் கொட்டித் தீர்க்கும்; பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, பிப்ரவரியில் போவது உத்தமம். நீலகிரி அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில் இருக்கும் ப்ளாக் தண்டருக்கு ஆடிக் காற்று வீசும் சமயத்தில் போனால் ஜிலுஜிலு என்று இருக்கும். ஆனால் தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் பல் கிட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை. எங்கே போவதானாலும் முதல் நாளே போன் போட்டுக் கேளுங்கள். பராமரிப்பு வேலைகளைப் பெரும்பாலும் கூட்டமில்லாத நாட்களில்தான் வைத்துக்கொள்வார்கள். பிள்ளை எந்த ராட்டினத்துக்காக ஒரு மாதமாகக் கனவு காண்கிறானோ, அதுவே மூடியிருந்தால் வீட்டுக்கு வரும்வரை அழுகைதான்.

இப்போது அந்த வரிசை விஷயத்துக்கு வருவோம். சீஸனில் ஒரு ராட்டினத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே அரை மணி, முக்கால் மணி நிற்கிறீர்கள். கால் வலிக்கிறதே தவிர, தலைக்கும் வயிற்றுக்கும் ஓய்வு கிடைத்துவிடுகிறது. நம் காதின் உட்பகுதியில் உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு ஒன்று இருக்கிறது. சுற்றும்போது அது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாமல் மூளை குழம்புவதால்தான் குமட்டல், கிறுகிறுப்பு எல்லாம். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இது கூடுதல். க்யூவே இல்லாத நாளில் என்ன நடக்கும்? இறங்கின சூட்டோடு 'இன்னொரு ரவுண்டு டாடி!' என்று மறுபடி ஏறுவார்கள். பதினோரு மணிக்குள் ஏழெட்டு ராட்டினம். பன்னிரண்டு மணிக்கு வாந்தி, தலைவலி, ஒரே மூட் அவுட்!

எனவே, வரிசை தராத ஓய்வை நீங்களே கொடுங்கள். இரண்டு ராட்டினம் ஏறினால் இருபது நிமிஷம் நிழலில் உட்கார வேண்டும். கையோடு கொண்டுபோன மோரோ, எலுமிச்சை ஜூஸோ குடிக்க வேண்டும். மேகமூட்டமாக இருக்கிறதே, தாகம் எடுக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். மேகத்தைத் தாண்டியும் வெயிலின் புற ஊதாக் கதிர் தோலைச் சுடும். காலையில் பூரி மசால் வேண்டாம். மூன்று இட்லி போதும். வாந்தி வராமல் இருக்க மாத்திரை உண்டுதான். அதைப் பயணத்துக்கு முன்பே போட்டால்தான் பலன். தூக்கமும் வரும். தண்ணீரில் இறங்கப்போகும் பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

ராட்டின வாசலில் மாட்டியிருக்கும் போர்டை யாராவது படிக்கிறார்களா? ம்ஹூம்! கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், ரத்தக் கொதிப்பு கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், வலிப்பு வருபவர்கள், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் ரோலர் கோஸ்டர் பக்கம் போகவே கூடாது. அதே போல உயரம் பார்க்கும் கோல். கூட்டமில்லாத நாளில் 'அண்ணே, பையன் ஆசைப்படுறான், இந்த ஒரு தடவை மட்டும்' என்று ஊழியரிடம் கெஞ்சுகிற அப்பாக்கள் உண்டு. உடம்பைப் பிடித்துக்கொள்ளும் கம்பி ஒரு அளவுக்காகச் செய்யப்பட்டது. அளவு குறைந்த பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். அவர் சம்மதித்தாலும் நீங்கள் சம்மதிக்காதீர்கள். கோ-கார்ட் ஓட்டும் பெண்கள் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். முடி சக்கரத்தில் சிக்கி உயிரே போன சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன.

தண்ணீர்ப் பகுதியில்தான் அதிகக் கவனம் தேவை. மூழ்குகிற குழந்தை சினிமாவில் வருவது மாதிரி 'காப்பாத்துங்க' என்று கத்தாது. வாய் தண்ணீருக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது மூச்சு விடவே நேரம் இல்லை, கத்துவது எப்படி? சத்தமே இல்லாமல், ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். செயற்கை அலை அடிக்கும் குளத்தில் ஆள் குறைவாக இருந்தால் பார்க்கிற கண்களும் குறைவுதானே? வீட்டுப் பெரியவர்களில் ஒருவர் முறை போட்டுக் காவல் இருக்க வேண்டும். 'இனிமே நீங்க பாத்துக்குங்க' என்று வாய்விட்டுச் சொல்லித்தான் முறை மாற வேண்டும். செல்போன் லாக்கரில் இருக்கட்டும். சின்னக் குழந்தை என்றால் கை எட்டும் தூரத்துக்கு மேல் விடவே கூடாது. காற்றடித்த கைப்பட்டையை நம்பவே நம்பாதீர்கள்.

குளோரின் நெடி தூக்கலாக இருந்தால் தண்ணீர் ரொம்பச் சுத்தம் என்று அர்த்தமில்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் பொருளின் வாசனை அது. கண் சிவப்பதும் அதனால்தான். குளிக்கும்போது தண்ணீர் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேதி ஆகிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தயவுசெய்து இறக்காதீர்கள். பேதியை உண்டாக்கும் கிருமிகளில் சில குளோரினுக்கும் அசையாமல் நாள்கணக்கில் இருக்கும். உங்கள் குழந்தையால் ஊரார் குழந்தைக்கும் வரும். உதடு நீலம் பாரித்தாலோ, நடுக்கம் எடுத்தாலோ உடனே வெளியே கொண்டுவந்து துவட்டி, காய்ந்த உடை மாற்றுங்கள்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறாரா? தண்ணீரில் ஆடுவதும் கடுமையான உடற்பயிற்சிதான். சாப்பாடும் தள்ளிப்போனால் சர்க்கரை சர்ரென்று இறங்கிவிடும். நாலு குளுக்கோஸ் மாத்திரையோ மிட்டாயோ பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் கையிலேயே இருக்கட்டும். லாக்கருக்குள் பூட்டிவைத்தால் யாருக்குப் பிரயோஜனம்? இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விட்டுப்போகாதீர்கள். கால் மரத்திருப்பவர்களுக்குச் சுடும் சிமென்ட் தரை தெரியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும். ரப்பர் செருப்பு அவசியம்.

உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக முதலுதவி அறை எங்கே என்று கேட்டு வையுங்கள். குழந்தையின் மணிக்கட்டில் உங்கள் போன் நம்பரைப் பால்பாயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள். தண்ணீரில் அழிந்தால் மறுபடி எழுதுங்கள்.

நாலரை மணிக்கெல்லாம் கிளம்பிவிடலாம். நாள் முழுக்க ஆடிக் களைத்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கண் சொக்கும். ஓட்டப்போகிறவர் மதியமே ஒரு மணி நேரம் மரத்தடியில் தூங்கியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் குளியல். தலையைச் சாய்த்துக் காதில் இருக்கும் தண்ணீரை வடித்து, துண்டின் நுனியால் வெளிப்பக்கம் மட்டும் துடையுங்கள். பட்ஸ் வேண்டாம், காய்ச்சின எண்ணெயும் வேண்டாம். அடுத்த சில நாட்களில் காதைத் தொட்டால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னாலோ, காய்ச்சலோ பேதியோ வந்தாலோ, டாக்டரிடம் 'தீம் பார்க் தண்ணில ஆடினான்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.