இம்மியளவு கோதுமையும் ஆய்வுக்கூடமும்

உணவுக் கலப்படம் என்றதும் மிளகில் பப்பாளி விதையும் பாலில் நீரும் நினைவுக்கு வருவது இயல்பு. விற்பவர் இலாபம் கருதிச் செய்யும் குற்றம் அது. எவரும் ஏமாற்ற எண்ணாமலேயே, தரத்தில் குறையற்ற ஓர் உணவுப் பொருள் மற்றோர் உணவில் இம்மியளவு கலந்துவிடுவதால் விளையும் தீங்கு வேறு வகையைச் சார்ந்தது. நிலக்கடலை, பால், முட்டை, கோதுமை ஆகியவை பெரும்பாலோர்க்குச் சத்துணவே. ஆனால் அவற்றிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகிறது. தோலில் தடிப்பும் அரிப்பும் தோன்றுவதோடு நில்லாமல், மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. அத்தகையோர்க்கு முதன்மையான காப்பு, அப்பொருளை விலக்கி வைப்பதே. விலக்க வேண்டுமாயின் அது எதில் கலந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அதனைத் தெரிவிக்கும் பொறுப்பு உறையின்மீதுள்ள விவரச் சீட்டுக்கு உரியது; சீட்டு கூறுவது மெய்தானா என்று சோதிக்கும் பொறுப்பு ஆய்வுக்கூடத்திற்கு உரியது.

1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இவ்வகைத் தீங்கை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டதன்று. அதன் இடத்தில் 2006-இல் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் வந்தது. அதன்கீழ் 2020-இல் வெளியான விவரச் சீட்டு விதிகள் குளூட்டன் உள்ள தானியங்கள், நண்டு, இறால் வகைகள், பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா ஆகியவற்றைத் தனியே குறிப்பிட வேண்டும் என்கின்றன. கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்பைட்டும் அப்பட்டியலில் சேரும். எள் அதில் இடம்பெறவில்லை. எண்ணெயாகவும் மிட்டாயாகவும் பொடியாகவும் எள்ளை இத்துணை உண்ணும் நாட்டில் இது ஒரு குறையே ஆகும்.

பெருங்காயத்தில் கோதுமை

கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தொகுதி சீலியாக் நோயுள்ளோரின் சிறுகுடலைச் சிதைக்கிறது. கண்டிப்பான பொருளில் இது ஒவ்வாமையன்று. உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்கும் நோய். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பெரும் பஞ்சம் நிலவி ரொட்டி அரிதாயிற்று. அவ்வனுபவம், கோதுமையே இந்நோய்க்குக் காரணம் என்று டிக்கே என்னும் குழந்தை மருத்துவர் கொண்டிருந்த எண்ணத்திற்கு வலுவூட்டியது. 1950-இல் அவர் தம் ஆய்வேட்டில் அதனை விளக்கினார். வட இந்தியாவில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு என ஆய்வுகள் காட்டியுள்ளன. தென்னிந்தியாவில் விகிதம் மிகக் குறைவு.

சப்பாத்தியைத் தவிர்த்துச் சோறும் பருப்பும் உண்பவர் காப்புற்றவர் என்றே எவரும் கருதுவர். ஆயின் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினுடன் கருவேலம் பிசின் போன்ற பசையும், பலவற்றில் கோதுமை மாவும் சேர்க்கப்படுகின்றன. மூன்றில் ஒரு பங்கு கோதுமை மாவு என்றும், அம்மாவில் பத்து சதவீதம் குளூட்டன் என்றும் கொண்டால், 1 கிராம் பெருங்காயத்தில் ஏறத்தாழ 33 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். குளூட்டன் அற்ற உணவு எனக் கூறிக்கொள்வதற்கு உலக அளவிலும் இந்தியாவிலும் உள்ள வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அப்பெருங்காயம் ஒரு கிலோ சாம்பாரில் கரைந்தாலே அவ்வரம்பு மீறப்பட்டுவிடும். அரைவை ஆலையின் நிலையும் இதுவே. கோதுமை அரைத்த எந்திரத்தில் 20 கிராம் மாவு, அதாவது ஒரு சிறு பிடி, தங்கியிருந்தால் அடுத்து அரைக்கும் 100 கிலோ சிறுதானிய மாவு வரம்பின் விளிம்பைத் தொட்டுவிடும்.

அளக்கும் முறை

இவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டறிய உதவுவது எலிசா முறை. சுவீடனில் எங்வால், பெர்ல்மான் ஆகிய இருவரும் 1971-இல் இதனை வெளியிட்டனர். ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் சிறு குழிகள் கொண்ட தட்டில் பூசப்பட்டிருக்கும். உணவின் சாற்றை அதில் ஊற்றினால் தேடப்படும் புரதம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்; மற்றவை கழுவலில் நீங்கும். பின்னர் நொதி இணைக்கப்பட்ட இரண்டாவது எதிர்ப்பொருளைச் சேர்த்தால் நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தி புரதத்தின் அளவைக் காட்டும். பூட்டுக்கேற்ற சாவி போன்றது என்று இதனை வகுப்பறைகளில் விளக்குவதுண்டு. ஆனால் சில பூட்டுகள் வேறு சாவிகளுக்கும் திறக்கின்றன என்பதில்தான் சிக்கல் உள்ளது.

2015-இல் பிரிட்டனில் சீரகப் பொடியில் அறிவிக்கப்படாத பாதாம் இருப்பதாகச் சோதனை காட்டவே, சரக்கு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆழ்ந்து ஆய்ந்தபோது, ஒரு சரக்கில் இருந்தது பாதாம் அன்று, அதே தாவரப் பேரினத்தைச் சேர்ந்த மஹலேப் என்னும் நறுமண விதை எனத் தெரிந்தது. எதிர்ப்பொருளால் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை. மரபணுச் சோதனையும் புரதத் துண்டுகளின் நிறையை அளக்கும் கருவியும் இத்தகைய ஐயங்களைத் தீர்க்க உதவுகின்றன. அவற்றிற்குச் செலவு மிகுதி.

இதற்கு நேர்மாறான பிழையும் நேர்வதுண்டு. வறுத்ததாலோ வேகவைத்ததாலோ உருமாறிய புரதம் சாற்றில் எளிதில் இறங்குவதில்லை. துவர்ப்புப் பொருள்கள் மிகுந்த தானியங்களில் அவையே புரதத்தைப் பிணைத்துக்கொள்கின்றன. நொதித்த உணவுகளில் புரதம் துண்டு துண்டாகச் சிதைந்திருப்பதால் மேற்கூறிய சோதனை குறைவான அளவைக் காட்டக்கூடும்; அவற்றுக்கென வேறு வகை எலிசா தேவைப்படுகிறது. ஆகவே 'காணப்படவில்லை' என்னும் அறிக்கையைப் படிக்கும் அலுவலர், எந்த முறையால், எந்த அளவுக்குக் கீழ் காணப்படவில்லை என்று கேட்டறிதல் வேண்டும்.

மாதிரி எடுப்பதில் உள்ள இடர் இவற்றினும் பெரிது. சட்டப்படி மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்கிறது. அவர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். பாலில் கலந்த நீர் நான்கு பகுதியிலும் சமமாக இருக்கும். மாவில் கலந்த கடலைத் துணுக்கு அவ்வாறு இராது. ஒரு பகுதியில் இருப்பது மற்றொன்றில் இல்லாதிருக்கலாம். சோதனைத் தட்டுக்குச் செல்வதோ அதிலும் சிறு துளியே. இரு ஆய்வுக்கூடங்களின் முடிவுகள் முரண்பட்டால் இரண்டுமே சரியாக இருக்கக்கூடும்.

இக்காரணத்தால், சிறுதானிய மாவு விற்கும் மகளிர் குழு ஒன்றுக்கு ஆண்டுக்கொரு சோதனைச் சான்றிதழைவிடத் தனி எந்திரமே கூடுதல் பயன் தரும். கடன் பரிந்துரைக்கும் அலுவலர்கள் இதனைக் கருத்திற் கொள்ளலாம். 'இருக்கக்கூடும்' என்று உறையில் அச்சிட்டுத் தப்பித்துக்கொள்ள விதிகள் இடந்தருகின்றன. எல்லா உறைகளிலும் அச்சொல் வந்துவிட்டால் நோயாளி வாங்குவதற்கு ஏதும் எஞ்சாது. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 2021-இல் கூட்டிய வல்லுநர் குழு இதற்கு ஒரு வழி காட்டியது. ஒரு வேளையில் உட்கொள்ளும் புரதத்தின் அளவாக நிலக்கடலைக்கும் பாலுக்கும் 2 மில்லிகிராம், கோதுமைக்கு 5, இறாலுக்கு 200 என அது பரிந்துரைத்தது. எச்சரிக்கை தேவையா என்பதைத் தயாரிப்பாளரின் அச்சம் முடிவு செய்யாமல் இத்தகைய எண்ணே முடிவு செய்ய வேண்டுமாயின், அதனை அளந்து தரவல்ல ஆய்வுக்கூடங்கள் மாவட்டங்களுக்கு எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும்.