ஆடா, புலியா?

நடுத்தர அளவு உடலில் பெரிய எஞ்சின் பூட்டிய மசில் கார்களில் மூத்தது எது என்று கேட்டால் கார்ப் பிரியர்களுக்குள் சண்டை மூளும். என் ஓட்டு 1964ஆம் ஆண்டு பான்டியாக் ஜி.டி.ஓ.வுக்கு. அது பிறந்ததே ஒரு தில்லுமுல்லில்.

பான்டியாக், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவாக இருந்தது. பந்தயப் புகழைக் காட்டி இளைஞர்களிடம் கார் விற்றுவந்தது. 1963இல் தலைமை நிர்வாகம் பந்தயத்துக்குத் தடை போட்டதும் பிழைப்பில் மண் விழுந்தது. போதாக்குறைக்கு, நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று வேறு விதி.

தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன். அவருடைய குழுவில் இருந்த பில் காலின்ஸ் ஒன்றைக் கவனித்தார். நடுத்தரக் காரான டெம்பெஸ்டின் 326 கன அங்குல எஞ்சினும், பெரிய கார்களின் 389 கன அங்குல எஞ்சினும் வெளியளவில் ஒன்றே. 389இல் சிலிண்டரின் துளை மட்டும்தான் பெரிது. கழற்றிய இடத்திலேயே அப்படியே உட்காரும். 389 கன அங்குலம் என்பது ஏறக்குறைய 6.4 லிட்டர். எட்டு மாருதி 800 எஞ்சின்களின் கொள்ளளவு!

விதியை என்ன செய்வது? புது மாடல் என்றால்தானே மேலிடம் கேள்வி கேட்கும்? டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் வசதிகளின் பட்டியலில் ஜி.டி.ஓ.வை ஒரு வரியாக நுழைத்துவிட்டார்கள். விலை சுமார் 295 டாலர். கிடைத்ததோ 325 குதிரைத்திறன். பிரேக் மட்டும் நான்கு சக்கரத்திலும் பழைய டிரம்தான். ஓடத் தெரிந்த அளவுக்கு அந்தக் காருக்கு நிற்கத் தெரியாது.

பெயரும் இரவல். ஃபெராரி தன் காருக்கு வைத்திருந்த அந்த மூன்றெழுத்துக்கு, பந்தயத்துக்குத் தகுதிச் சான்று பெற்றது என்று இத்தாலிய மொழியில் பொருள். பந்தயத் தடைக்கு ஒளிந்து பிறந்த பிள்ளைக்கு இப்படியொரு பெயர்!

5,000 கார் விற்றால் போதும் என்று தொடங்கினார்கள். முதல் ஆண்டிலேயே 32,450 போயின. 1966இல் தனி மாடலானபோது 96,946. விளம்பரங்கள் அதைப் புலி என்று கொண்டாடின. பையன்களோ மூன்றெழுத்தைக் கலைத்துப்போட்டு, ஓர் 'ஏ'வையும் செருகி, ஆங்கிலத்தில் ஆடு ('கோட்') என்று கூப்பிட்டார்கள். ஆடுதான் நிலைத்தது.

காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் நெருக்க, 1974உடன் அசல் ஜி.டி.ஓ.வின் கதை முடிந்தது. பழைய தில்லுமுல்லு மட்டும் இன்னும் தொடர்கிறது. 1964, 65ஆம் ஆண்டுக் கார்களின் வரிசை எண்ணில் ஜி.டி.ஓ. என்பதற்கு அடையாளமே கிடையாது. சாதாரண லெமான்ஸுக்கு வேஷம் கட்டி விற்பவர்கள் உண்டு. ஆலை ஆவணத்தைப் பார்க்காமல் விவரம் தெரிந்தவர்கள் பணத்தை எடுப்பதில்லை.