தவழும் பாப்பாவுக்குத் தரைதான் உலகம்!

மாலை ஐந்தரை மணி. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே இருக்கும் சின்னப் புல்தரையில் பாயை விரித்து, எட்டு மாதக் குழந்தையை இறக்கி விடுகிறார் அம்மா. குழந்தை பாயிலேயே இருக்குமா என்ன? இரண்டே நிமிடத்தில் ஓரத்துக்கு வந்துவிடுகிறது. புல்லின் மேல் ஒரு கையை வைத்து, வெடுக்கென்று எடுத்துக்கொள்கிறது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறது. மறுபடி வைக்கிறது. அதற்குள் பெஞ்சிலிருந்து பாட்டியின் குரல்: ''ஏம்மா, புள்ள மண்ணுல கைய வைக்குது பாரு. தூக்கு, தூக்கு!''

தூக்கியாயிற்று. வெட் வைப்ஸ் எடுத்துக் கையைத் துடைத்தாயிற்று. குழந்தை வீறிட்டு அழ, அதை அடக்க செல்போனும் வந்தாயிற்று.

எந்த ஊரிலும் பார்க்கக் கிடைக்கிற காட்சிதான். பாட்டியின் பயத்திலும் நியாயம் இருக்கிறது; அதைப் பிறகு பார்ப்போம். ஆனால், கையை எடுத்து மறுபடி வைத்த அந்தச் சில நொடிகளில் குழந்தை ஒரு பாடம் படித்துக்கொண்டிருந்தது. டைல்ஸ் தரையில் அந்தப் பாடம் கிடைக்காது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இந்த வயதைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிற ஐந்தாம் மாதத்துக்குச் 'செங்கீரைப் பருவம்' என்றே பெயர் வைத்தார்கள். அதன் பிறகுதான் தவழல். சில குழந்தைகள் ஆறாம் மாதத்திலேயே கிளம்பிவிடும். சில, முதல் பிறந்தநாளுக்குப் பிறகும் நிதானமாக ஆரம்பிக்கும். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின்படி, 100-ல் நான்கு குழந்தைகள் கை, முழங்கால் ஊன்றித் தவழாமலேயே நடக்கப் போய்விடுகின்றன. எனவே, 'பக்கத்து வீட்டுக் குழந்தை தவழுது, நம்ம குழந்தை இன்னும் தவழலையே' என்று மட்டும் வைத்துக் கவலைப்பட வேண்டாம். ஆனால், ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் இழுத்துக்கொண்டே நகர்ந்தாலோ, ஒன்பது மாதமாகியும் பிடிமானமில்லாமல் உட்கார முடியாவிட்டாலோ குழந்தைநல மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

தவழும் குழந்தையின் கண்ணுக்கு என்ன தெரிகிறது? நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குழந்தைகளின் தலையில் குட்டி கேமரா பொருத்திப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில், நடக்கும் குழந்தைகளுக்கு அறையும் எதிரே இருப்பவர்களும் தெரிய, தவழும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தெரிந்தது தரைதான். அந்த வயதில் கண்முன் விரிகிற உலகமே தரை என்றால், அது நாள் முழுக்க ஒரே வழவழப்பாக, ஒரே நிறத்தில், ஒரே மட்டத்தில் இருந்தால் எப்படி?

வெளியே போனால் தரை மாறிக்கொண்டே இருக்கும். புல் குத்தும், மணல் உள்வாங்கும். வேப்பங்காற்றில் உதிர்ந்த சருகு கை பட்டதும் நொறுங்கிச் சத்தம் போடும். மேட்டில் ஏற முழங்காலை அழுத்த வேண்டும். பள்ளத்தில் இறங்கக் கையைப் பின்னுக்குத் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் 'இங்கே போகலாமா, வேண்டாமா' என்று குழந்தையே முடிவெடுக்கிறது.

இந்த முடிவெடுக்கும் திறமை பிறவியில் வருவதில்லை. அதே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் என்ற உளவியல் பேராசிரியை, சரிவான மேடைகளில் குழந்தைகளைத் தவழவிட்டுப் பல ஆண்டுகள் கவனித்தார். தவழத் தொடங்கிய புதிதில், எவ்வளவு செங்குத்தான சரிவாக இருந்தாலும் யோசிக்காமல் தலைகுப்புறப் பாய்ந்தன. விழாமல் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தார்கள். சில வாரங்கள் தவழ்ந்து பழகிய பிறகு அதே குழந்தைகள் ஓரத்தில் நின்று, கையால் தொட்டுப் பார்த்து, முடியாத சரிவு என்றால் இறங்க மறுத்தன. அதைவிட வேடிக்கை, நடக்க ஆரம்பித்ததும் பழைய பாடமெல்லாம் மறந்து மறுபடி பாய்ந்ததுதான்! உடம்பு நகரும் விதம் மாறினால் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. எது முடியும், எது முடியாது என்பது யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. தானே நகர்ந்து, தடுமாறி வருவது.

அதனால்தான் வாக்கரில் உட்காரவைத்தால் குழந்தை சீக்கிரம் நடக்கும் என்ற நம்பிக்கை தவறாகிறது. அதில் குழந்தை நகரும். ஆனால் தரையைத் தொட்டு அளக்காது. போதாததற்கு, படிக்கட்டில் வாக்கரோடு உருண்டு விழும் ஆபத்து வேறு. கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் ஊரில் இன்னும் முதல் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கிறோம்.

அம்மாவின் முகமே வழிகாட்டி

வெளியில் புதிதாக ஒன்றைக் கண்டதும் குழந்தை திரும்பி யாரைப் பார்க்கிறது என்று கவனித்ததுண்டா? பக்கத்தில் இருக்கும் அம்மாவின், அப்பாவின், பாட்டியின் முகத்தைத்தான்.

1985-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. கண்ணாடி பதித்த மேடை. அதன் ஒரு பாதியில் கண்ணாடிக்குக் கீழே சுமார் ஓர் அடிப் பள்ளம் தெரியும். ஒரு வயதுக் குழந்தை அதன் விளிம்பு வரை தவழ்ந்து வந்து, எதிரே நிற்கும் அம்மாவைப் பார்க்கும். அம்மா சிரித்த முகமாக இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டி வந்தார்கள். பயந்த முகத்தைக் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடத் தாண்டவில்லை.

'ஐயோ'வென்று அலறும் ஒவ்வொரு முறையும் புல், நாய்க்குட்டி, மழைத்தண்ணீர் எல்லாவற்றைப் பற்றியும் குழந்தைக்கு ஒரு செய்தி போகிறது. உண்மையிலேயே ஆபத்தான இடத்தில் அந்த அலறல் வேண்டும். புல்லுக்கும் அதே அலறல் என்றால், எது உண்மையான ஆபத்து என்று குழந்தை எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

இன்னொரு ஆய்வு, பெண் குழந்தை பெற்றவர்களைக் கொஞ்சம் உறுத்தக்கூடியது. உங்கள் குழந்தை எவ்வளவு சரிவில் தவழ்ந்து இறங்கும் என்று 11 மாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம் கேட்டார்கள். ஆண் குழந்தைகளின் அம்மாக்கள் கூட்டியே சொன்னார்கள். பெண் குழந்தைகளின் அம்மாக்கள் குறைத்தே சொன்னார்கள். சோதித்தால், திறமையில் இரு பாலருக்கும் வித்தியாசமே இல்லை. 2000-ல் வெளியான ஆய்வு இது. 'பொம்பளப் புள்ள, பாத்து' என்ற எச்சரிக்கை நடை பழகும் முன்பே தொடங்கிவிடுகிறது போலும்.

சரி, பாட்டியின் பயம்?

மண்ணைப் பார்த்துப் பயப்படுவது மூடநம்பிக்கை அல்ல. நாய், பூனை மலம் கழிக்கும் இடத்திலும், மனிதர்கள் திறந்தவெளியை அசுத்தம் செய்யும் இடத்திலும் புழுக்களின் முட்டைகள் மண்ணில் கிடக்கும். உருளைப்புழு முட்டை வாய் வழியாகப் போகும். கொக்கிப்புழுவின் இளம்புழுவோ வெறும் தோலைத் துளைத்தே உள்ளே போய்விடும். மூடி இல்லாத மணல்தொட்டி பூனைகளுக்கு மிகவும் பிடித்த இடம் என்பதை மறக்க வேண்டாம். எனவே இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளியே போவதையே நிறுத்த வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் கை, கால், முழங்காலைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஒரு வயது முடிந்த பிறகு, தேசியக் குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியில் தரும் மாத்திரையைத் தவறவிடக் கூடாது.

சுத்தமான மண்ணாலும் செடிகொடிகளாலும் நன்மையும் உண்டு. ஃபின்லாந்தில் பகல்நேரக் காப்பகங்களின் முற்றத்தில் காட்டுத் தரையையும் புல்லையும் பதித்து, 28 நாள் குழந்தைகளை அதில் விளையாடவிட்டார்கள். அவர்கள் தோலில் வாழும் நல்ல நுண்ணுயிரிகளின் வகைகள் கூடின. நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சீராக்கும் அறிகுறிகளும் ரத்தத்தில் தெரிந்தன. அவர்கள் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் என்பதால், தவழும் குழந்தைக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

மண்ணைவிட அதிகம் பயப்பட வேண்டியவை வேறு இருக்கின்றன. கூழாங்கல், பொத்தான், விதை என வாய்க்குள் போய் மூச்சுக்குழாயை அடைக்கும் சின்னப் பொருட்கள் முதலில். தோட்டத்து அரளி, வேலியோர ஊமத்தை, குன்றிமணி எல்லாமே விஷம். அபார்ட்மென்ட் வரவேற்பறையில் அழகுக்காக வைக்கும் டிஃபன்பேக்கியா இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். தண்ணீர் நிறைந்த ஒரு பக்கெட்கூட இந்த வயதுக்கு ஆழம்தான். எறும்புப் புற்று இருக்கிறதா என்று, பாய் விரிக்கும் முன் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள்.

நேரம் என்றால், நம் வெயிலுக்குக் காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல். நிழல் முக்கியம். மொட்டை மாடியில் விடுவதானால் முதலில் உங்கள் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். சிமென்ட் சூரியன் சாய்ந்த பிறகும் சூட்டை விடாது. 'தினமும் வெயில் படுதே, வைட்டமின் டி சொட்டு மருந்து எதுக்கு?' என்று நிறுத்திவிடவும் கூடாது. முதல் ஒரு வயது வரை தினமும் 400 யூனிட் கொடுக்கச் சொல்கிறார்கள் குழந்தைநல மருத்துவர்கள்.

ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் ஒரு நாளில் பல முறை தரையில் விளையாட வேண்டும், தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஸ்ட்ரோலரிலோ நாற்காலியிலோ கட்டிவைக்கக் கூடாது, திரை வேண்டவே வேண்டாம் என்கிறது 2019-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பத்திருபது நிமிடம் வெளியே போய்வந்தாலும் அது இந்தக் கணக்கில்தான் சேரும். பொம்மைகூட வேண்டாம். முழங்காலை மூடும் பருத்திக் கால்சட்டை, வெறும் பாதம், ஒரு பாட்டில் தண்ணீர் போதும்.

கூட வருபவர் பெஞ்சில் உட்காராமல் பாயிலேயே, கை எட்டும் தூரத்தில் உட்காருவதுதான் சரி. அப்போதுதான் கையில் எடுத்தது சருகா, கல்லா என்று தெரியும். பாட்டிக்கு முழங்கால் வலி என்றால் பிளாஸ்டிக் ஸ்டூலைப் பாயோரம் போட்டுக் கொடுக்கலாம். குழந்தை திரும்பிப் பார்க்கும்போது, அவர் முகமும் பக்கத்தில் தெரியும்.