கரண்டு சொந்தம், காற்று பொது



செல்போனில் ஒரு கேள்வி கேட்டால் உடனே பதில் வருதே, எங்கிருந்து வருகிறது தெரியுமா? டேட்டா சென்டர் என்கிற பெரிய கட்டடத்திலிருந்து. உள்ளே ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இராப்பகலாக ஓடும். ஓட ஓடச் சூடாகும். ஓடவும் கரண்டு வேணும், குளிர வைக்கவும் கரண்டு வேணும்.

புதிதாக லைன் இழுத்து, சப்ஸ்டேஷன் கட்டி அவ்வளவு கரண்டு கொடுக்க வருடக்கணக்கில் ஆகும். அதனால் சில கம்பெனிகள் தாங்களே தயாரித்துக் கொள்கின்றன. திருவிழாவுக்கு ஜெனரேட்டர் வைக்கிற மாதிரிதான். ஆனால் மிக மிகப் பெரிசு.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் என்று ஒரு நகரம். அங்கே 2024-ல் எக்ஸ்ஏஐ என்ற கம்பெனி ஒரு பழைய தொழிற்சாலையில் டேட்டா சென்டர் தொடங்கியது. கிடைத்த கரண்டு போதவில்லை. எரிவாயுவில் ஓடும் டர்பைன்களைக் கொண்டு வந்து வைத்தார்கள். 2025-ல் வானத்திலிருந்து படம் எடுத்துப் பார்த்தால் 35 டர்பைன்கள்! ஒன்றுக்கும் காற்று மாசு அனுமதி இல்லை. தற்காலிக இயந்திரம் என்றால் 364 நாள் வரை அனுமதி வேண்டாம் என்று காரணம் சொன்னார்கள்.

அனுமதி எதற்கு? எரிவாயு கடும் சூட்டில் எரியும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளியாகும். வெயில் பட்டால் அதிலிருந்து ஓசோன் உண்டாகும். வானத்து உயரத்தில் ஓசோன் நமக்குக் குடை. தரைக்குப் பக்கத்தில் அதுவே ஆஸ்துமாவை அதிகமாக்கும். எத்தனை இயந்திரம் ஓடலாம், எவ்வளவு புகை விடலாம், யார் கணக்கு எழுத வேண்டும் என்பதெல்லாம் அனுமதிப் பத்திரத்தில்தான் இருக்கும். பத்திரம் இல்லாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

பக்கத்திலேயே பாக்ஸ்டவுன் என்ற பகுதி இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுதலையானவர்கள் ரயில் பெட்டிப் பலகைகளால் வீடு கட்டி உண்டாக்கிய ஊர் அது. அந்தப் பகுதி மக்கள் சும்மா இருக்கவில்லை. 2025 ஏப்ரலில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நடந்த கூட்டத்துக்கு வந்து, எங்கள் மூச்சுக்கு என்ன பதில் என்று கேட்டார்கள். 2025 ஜூலையில் மாவட்டச் சுகாதாரத் துறை 15 டர்பைன்களுக்கு மட்டும், 2027 ஜனவரி வரை, நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது.

ஆனால் அதற்குள் ஒரு வருடம் புகை போய்விட்டதே! அதைத் திரும்பப் பிடிக்க முடியுமா? நம் கரண்டை நாமே தயாரிக்கலாம், தப்பில்லை. புகை மட்டும் காம்பவுண்டு சுவரோடு நிற்காது. ஆகவே முதலில் அனுமதி, பிறகுதான் சுவிட்சு.

சிந்திப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி